ஆன்லைன்ல வாங்கின பழைய சாமான் மக்கர் பண்ணுதா? என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க

கும்பகோணம் பக்கம் சர்வீஸ் டேபிள்ல உக்காந்திருக்கவனுக்கு இப்ப வர்ற வேலையில பெரும்பங்கு இதுதாங்க, யார்கிட்டயோ ஆன்லைன் ஏலத்துல எடுத்தது, ரீஃபர்பிஷ்டுன்னு, அதாவது பழச சரி பண்ணினதுன்னு, போட்டிருந்தத நம்பி வாங்கினது, போட்டோ பாத்து பணம் போட்டு பஸ் பார்சல்ல வரவழைச்சது. பொருள் வேற வேறயா இருந்தாலும் கோளாறு திரும்பத் திரும்ப அதே கோளாறுதான், கேக்குற கேள்வியும் அதேதான். அதனால என்ன பண்ணுதுங்கிறத வச்சு பிரிச்சு எழுதியிருக்கேன், உங்களோடது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. ஸ்குரூடிரைவரத் தொடாதீங்க. பொருள் கைக்கு வந்த அன்னிலேர்ந்து ரிட்டர்ன் நாள் ஓட ஆரம்பிச்சிடுது, சில இடத்துல 7 நாள், சில இடத்துல 10 நாள், தனி ஆளுகிட்ட வாங்கினா அது கூட கிடையாது. வெளிநாட்டு ஈபேல எடுத்திருந்தா பொருள் சொன்ன மாதிரி இல்லன்னு டெலிவரி ஆகி 30 நாளைக்குள்ள கேஸ் போடலாம், விக்கிறவர் 'நோ ரிட்டர்ன்ஸ்'னு போட்டிருந்தாலும் போடலாம். நீங்க என்னடான்னா சீல் ஸ்டிக்கர கிழிச்சு பின்பக்கத்த நெம்பிட்டு அப்புறம் கம்ப்ளைண்ட் பண்றீங்க, அவன் நல்லா இருந்தத நீங்கதான் ஒடச்சீங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறான். எங்ககிட்ட வந்தாலும் நாங்களும் பிரிச்சுதானே பாக்கணும், அதனால ரிட்டர்ன் நாள் பாக்கி இருந்தா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கீழ இருக்கறத எல்லாம் பிரிக்காம பாத்துடுங்க.

## பெட்டியப் பிரிச்சா வேற என்னமோ இருக்கு

செங்கல், சோப்பு, பழைய மாடல், டம்மி போன், எல்லாம் வந்திருக்கு. இதுக்கு ரிப்பேர் கிடையாது, ஆதாரம்தான் எல்லாம்.

பார்சல் ஒட்டியிருக்க லேபிள்லேர்ந்து ஆரம்பிச்சு, ஆறு பக்கமும் காட்டி, கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுங்க. லேபிள்ல எடை போட்டிருப்பாங்க, பக்கத்து மளிகைக் கடை தராசுல வச்சு அதையும் வீடியோவுல காட்டிடுங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா வழியில மாத்தியிருக்கலாம், ஒத்துப் போச்சுன்னா அனுப்பினவனே அப்படி அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். யார் மேல கம்ப்ளைண்ட் எழுதணுங்கிறது இதுல ஓரளவு தெரிஞ்சிடும்.

ஓப்பன் பாக்ஸ் டெலிவரின்னு ஒண்ணு இருக்கு, டெலிவரி தம்பி முன்னாடியே பிரிச்சு பாத்துட்டு அப்புறம்தான் ஓடிபி சொல்றது. டவுனுக்குள்ள கிடைக்கும், நம்ம பக்கம் உள்ளூர் கிராமத்து பின்கோடு நிறையத்துக்கு வராது. டவுன்ல சொந்தக்காரங்க வீடு இருந்தா அந்த அட்ரஸ் போடுங்க. பொருளப் பாக்காம ஓடிபி சொல்லாதீங்க, சொன்னா நல்லபடியா வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போட்ட கணக்கு.

## ஆன் ஆகவே மாட்டேங்குது

### போனா இருந்தா

ரொம்ப நாள் யாரும் தொடாம கிடந்த போன்ல பேட்டரி அடியோட இறங்கிப் போயிருக்கும். சாதாரண பழைய சார்ஜர், நல்ல கேபிள், ஒரு மணி நேரம் அப்படியே விடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டன அமுக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா ஏறாது.

அப்புறம் கட்டாய ரீஸ்டார்ட். ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் பவரும் வால்யூம் டவுனும் சேத்து ஒரு இருபது செகண்டு. ஐபோன் 8-லேர்ந்து இந்தப் பக்கம் உள்ளதுக்கு வால்யூம் அப் ஒரு தட்டு, டவுன் ஒரு தட்டு, பக்கத்து பட்டன லோகோ வர்ற வரைக்கும் விடாம.

இதுக்கும் அசையலன்னா சார்ஜர் குத்துற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருந்தா மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க, ஊசி வேண்டாம். பச்சையா களிம்பு புடிச்சிருந்தா தண்ணி போன போன், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் வாங்கினதுல உப்புக் காத்துனாலயே கூட இருக்கும். சிம் டிரேய உருவிட்டு உள்ள பாருங்க, ஐபோன்ல ஒரு சின்ன பட்டை தெரியும், வெள்ளையா இருக்கணும், செவந்திருந்தா தண்ணி பட்டிருக்கு. அத போட்டோ எடுத்து ரிட்டர்ன்ல போடுங்க, அதுக்கு மேல பேச்சே தேவையில்ல.

2015-லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில வெள்ளம் வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு, வெளிய பளபளன்னும் உள்ள போர்டுல சேறு படிஞ்சும் வந்த சாமான பாத்திருக்கேன். மழை சீசன் முடிஞ்ச கையோட ரொம்ப சல்லிசா ஒண்ணு கண்ணுல பட்டா இத நெனச்சுக்கங்க.

எப்ப எங்ககிட்ட கொண்டு வரணும்: ரிட்டர்ன் வழியே இல்லாதப்ப. நாங்க டிசி சப்ளையில போட்டு பாப்போம், பவர் பட்டன் அமுக்காமலே ஆம்பியர் ஏறுச்சுன்னா போர்டுல ஷார்ட். சார்ஜிங் ஸ்ட்ரிப்பு, பேட்டரின்னா சின்ன செலவு. போர்டு வேலைன்னா செலவு எவ்வளவு ஆகும்னு மொதல்ல கேட்டுட்டு, வாங்கின விலையில பாதிய தாண்டுதுன்னா விட்டுடுங்க, ஷார்ட் எடுத்த பழைய போர்டு எத்தன நாள் ஓடும்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன்.

### லேப்டாப்பா இருந்தா

சார்ஜரப் புடுங்கிட்டு, பேட்டரி கழட்டுற மாதிரி இருந்தா அதையும் கழட்டிட்டு, பவர் பட்டன முப்பது செகண்டு அமுக்கிப் புடிங்க, அப்புறம் சார்ஜர் மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. பாதி கேஸு இதுல எந்திரிச்சிடும். ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் லைட்டு எரியுது, ஆனா ஸ்கிரீன் கருப்புன்னா டிவியோட ஹெச்டிஎம்ஐ கேபிள எடுத்து மாட்டுங்க. டிவில படம் வந்துச்சுன்னா போர்டு நல்லா இருக்கு, டிஸ்பிளேயோ அதோட கேபிளோதான். டிவிலயும் இல்லன்னா ரேம் லூசா இருக்கலாம், பார்சல் குலுங்கினதுல வர்றதுதான், ஆனா அதுக்கு கழட்டணும், கழட்டுறதுன்னா ரிட்டர்ன் போச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

கூட வந்த சார்ஜர் எத்தன வாட்டுன்னு அடியில படிச்சு பாருங்க. 65 வாட்டு கேக்குற லேப்டாப்புக்கு 45 வாட்டு சார்ஜர போட்டு அனுப்புறது சகஜம். சார்ஜ் ஏறாது, இல்ல பயங்கர ஸ்லோவா ஓடும், லேப்டாப்பு கெட்டுப்போச்சுன்னு நீங்க நெனச்சிக்குவீங்க.

### டிவியா இருந்தா

சத்தம் வருது, படம் இல்லைங்கிறதுதான் அதிகம். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஸ்கிரீன் கிட்ட டார்ச்ச சாய்ச்சு அடிங்க. மங்கலா படம் ஓடுறது தெரிஞ்சா பேக்லைட்டு போயிருக்கு, எல்ஈடி ஸ்ட்ரிப்பு மாத்தினா சரியாயிடும், தாங்குற செலவுதான். டார்ச் அடிச்சும் ஒண்ணும் தெரியலன்னா போர்டு இல்ல பேனல். பேனல்னா பேசாம திருப்பி அனுப்புங்க, அனுப்ப முடியலன்னா ஸ்பேர்ஸுக்கு வித்துடுங்க, பேனல் விலையில இன்னொரு டிவியே வந்துடும்.

சாயந்தரம் மட்டும் ஆன் ஆயி ஆயி ஆஃப் ஆகுதா? அப்ப டிவிய திட்டறதுக்கு முன்னாடி பிளக்குல மீட்டர் வச்சு பாருங்க. 230 இருக்க வேண்டிய எடத்துல, போர்வெல் பம்புசெட்டெல்லாம் ஒட்டுக்கா ஓடுற குறுவை நேரத்துல நம்ம கிராமத்து லைன்ல எவ்வளவு இறங்கும்னு உங்களுக்கே தெரியும். காலையில நல்லா ஓடி பொழுது சாஞ்சா மக்கர் பண்ணுச்சுன்னா அது லைன் கோளாறு, ஸ்டெபிலைசர் போடுங்க, ரிட்டர்ன் பண்ணி மாத்தினாலும் அடுத்ததும் இதையேதான் பண்ணும்.

டிவி, ஆம்ப்ளிஃபயர் ரெண்டையும் வீட்டுல பிரிக்காதீங்க. பிளக்க புடுங்கின அப்புறமும் பவர் சப்ளையில உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கூட நிக்கலாம். யூடியூப் பாத்து பிரிக்கிற தம்பிங்க இத மட்டும் கேட்டுக்கங்க.

### ஜப்பான், அமெரிக்கா ஏலத்துல எடுத்த செட்டா இருந்தா

பழைய ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக்கு, டர்ன்டேபிள்னு ஆசைப்பட்டு எடுக்கறவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க, இளையராஜா கேசட்டா சேத்து வச்சிருக்கவங்கதான் நிறைய. வந்த உடனே செவத்து பிளக்குல சொருகிடாதீங்க, மொதல்ல பின்பக்கம் திருப்பி வோல்ட்டப் படிங்க. ஜப்பான் செட்டு 100 வோல்ட், அமெரிக்கா செட்டு 120. '100-240'னு போட்டிருந்தா நேரா போடலாம். வெறும் 100-ன்னு இருக்கறத நம்ம 230-ல போட்டீங்கன்னா ஒரு 'டப்'போட கதை முடிஞ்சிடும்.

ஏற்கனவே போட்டு டப்புன்னு போயிடுச்சா? ஃபியூஸ் மட்டும் போயிருந்தா அதிர்ஷ்டம். பிளக்க புடுங்கிட்டு, செட்டோட பவர் சுவிட்ச ஆன்ல வச்சுட்டு, பிளக்கோட ரெண்டு காலுக்கும் நடுவுல மீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. ஒண்ணுமே காட்டலன்னா ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியோ, அதுக்கு மேல தெரிஞ்ச ஆளு பாக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர வைண்டிங் கட்டித் தர்ற ஆளுங்க தஞ்சாவூர், திருச்சியில இன்னும் இருக்காங்க.

நல்லா இருக்கற செட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடணும், செட்டு பின்னாடி எழுதியிருக்க வாட்ட விட தாராளமா கூட இருக்கறதா வாங்குங்க. அதோட ஹெர்ட்ஸ்ன்னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 60, இங்க 50. சில பழைய டர்ன்டேபிள் மோட்டாரு கரண்டோட ஹெர்ட்ஸ வச்சுதான் சுத்தும், அதெல்லாம் இங்க ஆறுல ஒரு பங்கு ஸ்லோவா ஓடும், எஸ்பிபி குரல் யாரோ தூக்கத்துல பாடுற மாதிரி இழுக்கும். அது ரிப்பேர் இல்ல, 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைச்சா மாத்திக்கலாம். ஜப்பான்ல பாதி நாடு 50, பாதி நாடு 60, அதனால அங்கேர்ந்து வர்றதுல இந்தத் தொல்லை கம்மி.

ஜப்பான் ரேடியோ எஃப்எம் எடுக்கலன்னு தூக்கிட்டு வர்றவங்களுக்கு: அது கெட்டுப் போகல. அங்க எஃப்எம் 76-லேர்ந்து 90 வரைக்கும், புதுசுன்னா 95 வரைக்கும். காரைக்கால் 100.3, திருச்சி ரெயின்போ 102.1 எல்லாம் அந்த டயல்லயே கிடையாது.

விளம்பரத்துல 'ஜங்க்', 'பார்ட்ஸ் ஒன்லி', 'அன்டெஸ்டட்'னு போட்டிருந்தா அது மேல கேஸ் போட்டு ஜெயிக்கறது கஷ்டம், சொல்லிட்டுதான் வித்திருக்கான். என் அனுபவத்துல 'டெஸ்ட் பண்ணல'ன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்து ஓடலன்னு அர்த்தம்.

## பாடியத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குது

லேப்டாப்பு, ஆம்ப்ளிஃபயர் ரெண்டுலயும் வரும். சார்ஜரப் புடுங்கிட்டு தொடுங்க, ஷாக் நின்னு போச்சுன்னா பொருள் மேல தப்பு இல்லாம இருக்கவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டு முள்ளு சார்ஜர்ல லேசான கசிவு எப்பவும் இருக்கும், மெட்டல் பாடின்னா விரல்ல கூசும். மூணு முள்ளு கேபிள் போட்டும் அடிச்சா உங்க வீட்டு எர்த்து வேலை செய்யல. பழைய ஓட்டு வீட்டுல எர்த்து குழின்னு ஒண்ணு எங்க இருக்குன்னே தெரியாது, கோடையில காஞ்சு கிடக்கும். வேற வீட்டுல, நல்ல எர்த்து இருக்க எடத்துல போட்டு பாருங்க. அங்கயும் அடிச்சா சார்ஜர தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினல் வாங்குங்க. கூசறது இல்லாம கையத் தூக்கி வீசற மாதிரி அடிச்சா அன்னியோட அத தொடாதீங்க, எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க.

## ஆன் ஆகுது, ஆனா யாரோ ஒருத்தரோட மெயில் ஐடி கேக்குது

இங்கதான் ஜாஸ்தி பேரு ஏமாறுறது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஆண்ட்ராய்டுல 5.1-லேர்ந்தே எஃப்ஆர்பின்னு ஒரு பூட்டு இருக்கு. பழைய ஓனரு கணக்க எடுக்காம நேரா ரீசெட் அடிச்சா அவரோட கூகுள் கணக்கு கேட்டு நிக்கும். விக்கிறவர் நேர்மையான ஆளுன்னா இது ஒரு சின்ன மறதி, அவர் லாகின் பண்ணி, செட்டிங்ஸ்ல கணக்க நீக்கிட்டு, மறுபடி ரீசெட் பண்ணினா முடிஞ்சுது. ஐபோன்ல இன்னும் சுலபம், அவர் எங்க இருந்தாலும் ஐகிளவுட்ல போயி அந்த டிவைஸ தன் கணக்குலேர்ந்து எடுத்துவிட்டா இங்க பூட்டு தொறந்துடும். பாஸ்வேர்ட நமக்கு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

கேட்டுப் பாருங்க. 'அது என் மச்சான் போனு', 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு', 'பக்கத்துல எந்தக் கடையிலயாவது அன்லாக் பண்ணிக்கங்க'ன்னு மூணுல எது வந்தாலும் ரிட்டர்ன் போட்டுடுங்க. அன்லாக்குக்கு காசு குடுக்காதீங்க. திருட்டுப் போனா இருந்தா, தெரிஞ்சே வச்சிருந்தீங்கன்னா பாரதிய நியாய சன்ஹிதா 317-ல நீங்களும் வர்றீங்க.

அடுத்தது ஃபைனான்ஸ் லாக்கு. வாங்கி சில வாரம் நல்லா ஓடும், திடீர்னு ஒரு நாள் ஸ்கிரீன் முழுக்க 'இஎம்ஐ பாக்கி, உடனே கட்டவும்'னு வரும். தவணையில எடுத்த போன ரெண்டு மாசம் கட்டிட்டு உங்க தலையில கட்டிட்டுப் போயிருக்கான். ரீசெட் பண்ணினாலும் திரும்ப வந்து உக்காரும். வாங்கின அன்னிக்கே செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின் ஆப்ஸ்னு தேடிப் பாருங்க, உங்களுக்குத் தெரியாத ஃபைனான்ஸ் ஆப்பு ஏதாவது இருந்தாலோ, 'இந்த சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது'ன்னு எங்கயாவது வந்தாலோ அப்பவே திருப்பிடுங்க. பாக்கிய அவன் கட்டி, ஃபைனான்ஸ்காரங்க பாக்கி இல்லன்னு என்ஓசி சான்று குடுத்து எடுத்துவிட்டாதான் உண்டு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.

லேப்டாப்புல இதே கதை வேற வேஷத்துல வரும். கம்பெனிங்க பழைய லேப்டாப்ப லாட்டா ஏலம் விடும், அத எடுத்தவன் ஒண்ணொண்ணா பிரிச்சு விப்பான், ஈபே இந்தியாவ 2018-ல மூடினதுக்கப்புறம் நம்ம ஆளுங்க ஏல லேப்டாப்புன்னு சொல்றது பெரும்பாலும் இததான். மேக்புக்குன்னா செட்டப் பண்றப்ப 'ரிமோட் மேனேஜ்மென்ட்'னு ஏதோ ஒரு கம்பெனி பேரோட வரும், விண்டோஸ்லயும் இன்டர்நெட் கொடுத்த உடனே தெரியாத கம்பெனி பேர சொல்லி ஆபீஸ் ஐடி கேக்கும். இன்டர்நெட் குடுக்காம செட்டப் பண்ணித்தான் விக்கிறவன் உங்களுக்கு வீடியோவுல காட்டியிருப்பான். அதனால வந்த உடனே வைஃபை போட்டு ஒரு தடவை முழுசா ரீசெட் பண்ணிப் பாருங்க, பூட்டு இருந்தா ரிட்டர்ன் நாளுக்குள்ளயே வெளிய வந்துடும். ஆன் பண்ணின உடனே கேக்குற பயாஸ் பாஸ்வேர்டு போட்ட ஆபீஸ் லேப்டாப்ப, சின்ன பட்டன் பேட்டரியக் கழட்டினா போயிடும்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க, அது அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல.

## சிம் போட்டா சிக்னல் இல்ல

மொதல்ல உங்க சிம்ம வேற போன்ல போட்டு பாருங்க, சிரிக்காதீங்க, இதுலயே பல பேரு திரும்பிப் போயிருக்காங்க.

அடுத்து டயல்ல *#06# போடுங்க. ஐஎம்இஐங்கிற அந்தப் போனோட தனி அடையாள எண் 15 இலக்கம் வரணும். வரலன்னா, இல்ல ஐபோன் அபௌட் பக்கத்துல மோடம் ஃபர்ம்வேர்னு இருக்க எடம் காலியா இருந்தா, போர்டுல நெட்வொர்க் பகுதி போச்சு. பெரிய வேலை, திருப்பிடுங்க.

எண் வந்துச்சுன்னா அது பெட்டியில, பில்லுல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. அப்புறம் மெசேஜ்ல இங்கிலீஷ்ல கேஒய்எம்னு மூணு எழுத்து, ஒரு ஸ்பேஸ், அந்த 15 இலக்கம் போட்டு 14422-க்கு அனுப்புங்க, சஞ்சார் சாத்தி ஆப்புலயும் பாக்கலாம். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கனவே உபயோகத்துல உள்ளதுன்னு இதுல எது வந்தாலும் அந்தப் போன் வேண்டாம். தொலைஞ்ச போன ஓனரு பிளாக் பண்ணினா நாட்டுல எந்த நெட்வொர்க்குலயும் ஓடாது, பிளாக் ஏற ஒரு நாள் போல ஆகும், அதனாலதான் வாங்கின அன்னிக்கு நல்லா பேசிட்டு மறுநாள் செத்துப் போறது. ஐஎம்இஐய மாத்தித் தர்றேன்னு எவனாவது சொன்னா அந்தக் கடைப் படிய விட்டு இறங்கிடுங்க, 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்.

வெளிநாட்டு போன்னா வேற மாதிரி. ஐபோன் அபௌட்ல கேரியர் லாக்னு இருக்கும், 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்'னு வரலன்னா அந்த ஊரு கம்பெனி பூட்டு போட்டிருக்கு. அமெரிக்காவுல வித்த ஐபோன் 14-லேர்ந்து சிம் போடுற ஓட்டையே கிடையாது, இசிம்தான், சிம் டிரே இல்லாத டூப்ளிகேட்டுன்னு பயந்துடாதீங்க. நெட்டு வருது கால் மட்டும் போகலன்னா, ஜியோவுல வோல்ட்இ, அதாவது 4ஜி வழியா கால் பேசற வசதி, இல்லாம பேசவே முடியாது, அந்த மாடலுக்கு இங்க வோல்ட்இ இல்லன்னா ஒண்ணும் பண்றதுக்கில்ல. ஜப்பான் போன்ல கேமரா சத்தத்த அணைக்க முடியலன்னு ஒரு அக்கா கொண்டு வந்தாங்க, அது அப்படித்தான்க்கா வரும்னு அனுப்பிவிட்டேன்.

## சார்ஜ் நிக்கல

ஐபோன்ல பேட்டரி ஹெல்த் பாருங்க, 80-க்கு கீழ போனா மாத்த வேண்டியதுதான். ஆனா ரெண்டு வருஷம் ஓடின போன்ல 100-ன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, அபௌட்ல பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரிய பாருங்க, அன்நோன் பார்ட்டுன்னு இருந்தா டூப்ளிகேட் பேட்டரியா இருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸ் லேப்டாப்புல கமாண்ட் பிராம்ப்ட தொறந்து பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்டுன்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு ஃபைல் வரும். டிசைன் கெப்பாசிட்டின்னு ஒரு எண், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ஒரு எண். ரெண்டாவது மொதலாவதுல பாதிக்கும் கீழன்னா புது பேட்டரி செலவும் உங்க தலையிலதான் விழும், அத சொல்லி விலைய கொறைக்கச் சொல்லுங்க, நிறைய பேரு ரிட்டர்னுக்கு பயந்து பாதி காசு திருப்பிடுவாங்க.

பின்பக்கம் உப்பியிருக்கா, டச்பேடு மேல தூக்கிட்டு நிக்குதா? சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, கூரியர்லயும் அனுப்பாதீங்க. போட்டோ எடுத்து விக்கிறவனுக்கு அனுப்பிட்டு நேரா கடைக்கு எடுத்துட்டு வாங்க.

## ஸ்கிரீன்ல கோடு, கறை, டச் மிஸ்ஸாகுது

மேல ஒட்டியிருக்க டெம்பர் கிளாஸ உரிச்சுட்டு பாருங்க, உடைஞ்சது கிளாஸ்தான்னு பல தடவை முடிஞ்சிருக்கு. சாம்சங்குல *#0*# போட்டா டெஸ்ட் மெனு வரும், செவப்பு, பச்சை, நீலம், டச்சு எல்லாம் ஒரு ரவுண்டு பாத்துடலாம். வெள்ளைத் திரையில பழைய கீபோர்டு நிழல் மாதிரி தெரிஞ்சா அமோலெட் பர்ன், போகாது. பச்சைக் கோடு ஒண்ணு மேலேர்ந்து கீழ வரைக்கும் விழுந்திருந்தா காம்போ, அதாவது டிஸ்பிளேயும் டச்சும் சேந்தது, மாத்தறதுதான் வழி, ஒரிஜினல் காம்போ விலைய கேட்டா போனே வேண்டாம்னு ஆயிடும்.

## சொன்னது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு

ஐ5 லேப்டாப்புன்னு போட்டிருப்பான், எத்தனாவது ஜெனரேஷன்னு போட மாட்டான். ஐ5-க்கு அப்புறம் வர்ற எண் 4300 மாதிரி 4-ல ஆரம்பிச்சா நாலாவது, 8250-ன்னா எட்டாவது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பும் வேணும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்ட நிறுத்தியாச்சு. அதுக்கு கீழ உள்ளதுல குறுக்கு வழியில 11-ஐ ஏத்தி வித்துக்கிட்டு இருக்காங்க, காலேஜ் புள்ளைக்கு வாங்கறவங்க இந்த ஒரு எண்ண கேக்காம பணம் போடாதீங்க.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு பாருங்க, எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு சொல்லிடும், 'காஷன்', 'பேட்'னு மஞ்சளோ செவப்போ வந்தா திருப்பிடுங்க. 2 டெராபைட்டு பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குன்னு வர்றதெல்லாம் பொய்க் கணக்கு. காட்டுறது 2 டெராபைட்டு, உள்ள இருக்கறது கொஞ்சூண்டு, நெறைஞ்சதுக்கப்புறம் போடுற போட்டோ எல்லாம் பேரு மட்டும் இருக்கும், தொறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, முழுசா எழுதிப் படிச்சு உண்மையச் சொல்லும், ராத்திரி ஓட விட்டுட்டு தூங்குங்க. கல்யாண வீடியோவ அதுல போட்டுட்டு வந்து அழுதவங்க இருக்காங்க, அத மீட்கறதுக்கு எங்ககிட்டயும் வழி கிடையாது.

## விக்கிறவன் போன எடுக்க மாட்டேங்குறான்

பொருளே வரலன்னா, முன்பணம் வாங்கிட்டு காணாம போயிட்டான்னா, யோசிக்காம 1930-க்கு அடிங்க, சைபர் கிரைம் உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்றதுக்குள்ள சொன்னாதான் நிறுத்த முடியும், ரெண்டு நாள் அவன் வாட்ஸ்ஆப்ப பாத்துக்கிட்டு உக்காந்தா போச்சு. மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அதான் சல்லிசா தர்றேன்னு ஐடி கார்டு போட்டோவோட வர்ற ஆளு, பணம் திருப்பி அனுப்புறேன் இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்ற ஆளு, ரெண்டும் ஒரே பள்ளிக்கூடம். யுபிஐல பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, பின் கேட்டா உங்க காசு போகுதுன்னு அர்த்தம்.

பொருள் வந்துச்சு, கெட்டது, ரிட்டர்ன் தர மாட்டேங்குறான்னா வேற வழி. விக்கிறது கடையோ, தொடர்ந்து இதையே தொழிலா செய்யற ஆளோன்னா மொதல்ல சைட்டோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அசையலன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். விக்கிறவன் டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம், 2019 சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இ-ஜாக்ரிதி சைட்டுல வீட்டுலேர்ந்தே தாக்கல் பண்ணலாம். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், தொகை பெருசா இருந்தா வச்சுக்கங்க.

தனி ஆளு தன் சொந்தப் போன ஒரு தடவை வித்தது இதுல வராது. அங்க உங்ககிட்ட இருக்க சாட்டு, பணம் போட்ட ரசீது, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட்டு இதுதான் எல்லாம், விளம்பரத்த அவன் அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கணும். பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே பில்லு காப்பி, ஐடி காப்பி ரெண்டும் வாங்கிடுங்க, குடுக்க யோசிச்சான்னா விட்டுடுங்க, நாளைக்கே இன்னொண்ணு வரும்.

ரிட்டர்ன் அனுப்பறப்ப மறுபடி வீடியோ. ஐஎம்இஐயும் சீரியல் நம்பரும் தெரியிற மாதிரி, பொருள பெட்டிக்குள்ள வச்சு ஒட்டுற வரைக்கும், கூரியர் ஆபீஸ்ல எடை போடறது வரைக்கும். வேற பொருள திருப்பி அனுப்பிட்டீங்கன்னு அங்கேர்ந்து உங்க மேல கம்ப்ளைண்ட் வர்றதும் நடக்குது. பணம் கணக்குல ஏறின மெசேஜ் வந்ததுக்கப்புறம் அந்த வீடியோவ அழிச்சுக்கங்க.